தொடக்கநிலையினருக்கான கேமரா லென்ஸ் தேர்வு

கேமரா லென்ஸ் (ஒளிப்பட வில்லை) என்பது காட்சியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து, கேமராவிலுள்ள சென்சார் மீது பிம்பமாக விழச் செய்யும் கண்ணாடித் தொகுதி ஆகும். டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் ஆகிய வகைக் கேமராக்களில் லென்ஸைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். புதிதாகக் கேமரா வாங்குவோரிடம் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்து வரும் 18–55 மி.மீ. லென்ஸ் மட்டுமே இருக்கும். அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி விரைவிலேயே எழும். சில லென்ஸ்களின் விலை கேமராவின் விலையையே மிஞ்சிவிடும் என்பதால், தவறான தேர்வு ஒரு மாணவரின் பல மாதச் சேமிப்பை வீணாக்கிவிடக்கூடும்.

லென்ஸைத் தேர்ந்தெடுக்க மூன்று செய்திகள் தெரிய வேண்டும். படமெடுக்கப்படும் பொருள் எவ்வளவு பெரியது, அது எவ்வளவு தொலைவில் உள்ளது, அங்கே ஒளி எவ்வளவு இருக்கிறது என்பவையே அவை. தேனி மாவட்டத்தின் வீரபாண்டியும் அதைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். திருவிழாக் கூட்டம், இரவு நெருப்பு, திராட்சைத் தோட்டம், அருவி, மலைத்தொடர், அடர்காடு ஆகிய எல்லாம் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் லென்ஸிடம் வெவ்வேறு வேலையைக் கேட்கிறது.

அடிப்படைச் சொற்கள்

குவியத் தொலைவு: லென்ஸின் மேல் 18, 50, 300 என மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும் எண் இது. எண் சிறியதாக இருந்தால் பரந்த காட்சி கிடைக்கும். பெரியதாக இருந்தால் காட்சி குறுகி, தொலைவில் உள்ள பொருள் பெரிதாகத் தெரியும். ஒரே குவியத் தொலைவு கொண்டது பிரைம் லென்ஸ். 18–55, 70–300 என மாற்றிக்கொள்ளக்கூடியது ஜூம் லென்ஸ்.

துளை எண்: லென்ஸினுள் ஒளி நுழையும் துளையின் அளவை எஃப் 1.8, எஃப் 5.6 போன்ற எண்கள் காட்டுகின்றன. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் இந்த எண் வரும். எனவே எண் சிறியதானால் துளை பெரியது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளையின் விட்டம் சுமார் 28 மி.மீ., எஃப் 5.6 என்றால் சுமார் 9 மி.மீ. துளையின் பரப்பைக் கணக்கிட்டால் முதலாவது ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

சென்சார் அளவு: தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சென்சார் உள்ளது. அதன் அளவு சுமார் 24 × 16 மி.மீ. (கேனான் கேமராக்களில் சற்றுக் குறைவு). முழுச்சட்டகச் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டகக் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு காட்சியைக் காட்டும். இக்கட்டுரையின் கணக்குகள் அனைத்தும் ஏ.பி.எஸ்.-சி கேமராவுக்கானவை.

காட்சியின் அகலத்தைக் கணக்கிடுதல்

லென்ஸை வாங்காமலேயே அது என்ன காட்டும் என்று அறிய ஓர் எளிய வாய்பாடு உண்டு. பள்ளியில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்களே இதற்கு அடிப்படை.

காட்சியின் அகலம் = சென்சாரின் அகலம் × பொருளின் தொலைவு ÷ குவியத் தொலைவு

எடுத்துக்காட்டாக, 5 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவரை 50 மி.மீ. லென்ஸால் எடுத்தால், 24 × 5 ÷ 50 = 2.4 மீட்டர் அகலக் காட்சி கிடைக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் இந்த 2.4 மீட்டர் உயரமாக மாறும். அதில் ஒரு மனிதர் தலை முதல் கால் வரை அடங்குவார். அதே இடத்தில் 18 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 6.7 மீட்டரைக் காட்டும். மிக அருகில் உள்ள சிறு பொருள்களுக்கு இவ்வாய்பாடு பொருந்தாது.

திருவிழாப் படங்கள்

தேனி–கம்பம் சாலையில், முல்லையாற்றின் கரையில் உள்ளது வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில். இங்குச் சித்திரையில் நடைபெறும் திருவிழாவில் பக்தர்கள் அக்கினிச்சட்டி, ஆயிரங்கண்பானை ஆகியவற்றை எடுத்து வந்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். தேரோட்டமும் உண்டு. தவறவிட்ட படத்துக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்பதால், எந்த லென்ஸுடன் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் நல்லது.

பகலில், கூட்டத்தின் நடுவே: தரையிலிருந்து 10 மீட்டர் உயரமுள்ள ஒரு தேரை முழுமையாக எடுக்க வேண்டும் எனக் கொள்வோம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 18 மி.மீ. லென்ஸுக்கு 7.5 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 50 மி.மீ. லென்ஸுக்கு 21 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. கிடைத்தாலும் நடுவில் நூறு தலைகள் மறைக்கும். ஆகவே பகல் திருவிழாவுக்குக் கேமராவுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸே ஏற்றது. தரையிலிருந்து அண்ணாந்து எடுக்கும்போது தேர் பின்னோக்கிச் சாய்வதுபோல் தோன்றும். அருகிலுள்ள வீட்டு மாடியிலிருந்து, வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தால் இக்குறை நீங்கும்.

இரவில், அக்கினிச்சட்டி: இங்கே 18–55 மி.மீ. லென்ஸ் திணறும். நடந்து வரும் ஒருவர் படத்தில் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/125 நொடி வேண்டும். 55 மி.மீ. முனையில் அந்த லென்ஸின் மிகப் பெரிய துளை எஃப் 5.6 தான். அந்தத் துளையில் 1/12 நொடிதான் கிடைக்கிறது என்றால், அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 துளை ஏறக்குறைய 1/120 நொடியைத் தரும். கலங்கிய படத்துக்கும் தெளிவான படத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

லென்ஸில் உள்ள அதிர்வு குறைக்கும் வசதி இந்த வேலையைச் செய்யாது. அது படமெடுப்பவரின் கைநடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, எதிரே நடப்பவரை நிறுத்தி வைக்காது. பிளாஷ் போட்டால் நெருப்பின் செவ்வொளி அடிபட்டுப் போகும். சட்டி ஏந்தி வருபவரின் கண்ணும் கூசும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பல நிறுவனங்களின் பட்டியலில் விலை குறைந்த பிரைம் லென்ஸ்களுள் ஒன்று. எனவே இரவுத் திருவிழா, மேடை நாடகம், வீட்டு விசேஷம் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர் முதலில் வாங்கத்தக்கது இதுவே. எஃப் 1.8-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு என்பதால், குவிப்பு முகத்தின் மேல், குறிப்பாகக் கண்ணின் மேல் இருக்க வேண்டும்.

நேர்த்திக்கடன் செலுத்துபவர் காட்சிப்பொருள் அல்லர். அவர் வழியை மறிக்காமல், முகத்தை நெருங்கிப் படமெடுக்கும் முன் உடன் வருவோரிடம் கேட்டுக்கொள்வது முறை.

முகப்படங்கள்

ஒருவரின் முகத்தை 18 மி.மீ. லென்ஸால் சட்டகம் நிறைய எடுக்க வேண்டுமானால் மிக நெருங்கிப் போக வேண்டும். அப்போது மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். இதற்குக் காரணம் லென்ஸ் அன்று, அந்த நெருக்கமே. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் இயல்பாகத் தோன்றும். அந்தத் தொலைவில் தலையும் தோளும் சட்டகத்தை நிறைக்க 50 முதல் 85 மி.மீ. வரை உள்ள லென்ஸ் பொருந்தும். இரவுக்கு வாங்கிய 50 மி.மீ. பிரைம் லென்ஸ் இங்கும் பயன்படும்.

நிலக்காட்சிகள்

இயற்கைக் காட்சி என்றாலே அகன்ற கோண லென்ஸ் தேவை எனப் பலர் எண்ணுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் இது பாதி உண்மை. பள்ளத்தாக்கின் வயல்வெளியில் நின்று 18 மி.மீ. லென்ஸால் மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்தால், கண்ணுக்கு ஓங்கி நின்ற மலை படத்தில் மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். வானமும் வயலுமே சட்டகத்தை நிரப்பும். அதே இடத்திலிருந்து 100 அல்லது 200 மி.மீ. லென்ஸால் எடுத்தால் மலை எழுந்து நிற்கும். சற்றுத் தள்ளி உள்ள தென்னந்தோப்புக்கு நேர் பின்னால் மலைச்சரிவு வந்து நிற்பதுபோல் தோன்றும்.

அகன்ற கோணம் பயன்படுவது, அருகில் வலுவான முன்புறம் இருக்கும்போதுதான். மேகமலையின் தேயிலைச் செடிகள் காலடியில் தொடங்கி அடிவானம் வரை விரியும் காட்சி, திராட்சைப் பந்தலின் உட்புறம், ஆற்றங்கரைப் பாறைகள் ஆகியவை அத்தகையவை.

சுருளி அருவியின் நீர் வெண்பட்டுப் போல் தெரிய வேண்டுமானால் புதிய லென்ஸ் தேவையில்லை. 1/4 நொடி அல்லது அதனினும் மெதுவான ஷட்டர் வேகமும், கேமராவை அசையாமல் தாங்கும் முக்காலியும் வேண்டும். பகல் வெளிச்சம் மிகுந்திருந்தால் ஒளியைக் குறைக்கும் என்.டி. வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்தலாம். இவ்விரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் ஒரு லென்ஸின் விலையை எட்டுவதில்லை.

அண்மைப் படங்கள்

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் குலையை எடுக்க 18–55 மி.மீ. லென்ஸே போதும். ஆனால் திராட்சைப் பூவையும் இலையின் மேல் ஊரும் எறும்பையும் அது மிகச் சிறிதாகவே காட்டும். மேக்ரோ லென்ஸ் எனப்படுவது, பொருளின் உண்மை அளவிலேயே பிம்பத்தைச் சென்சாரில் விழச் செய்யக்கூடியது. 24 மி.மீ. நீளமுள்ள பூச்சி ஒன்று சட்டகத்தின் முழு அகலத்தையும் நிரப்பும்.

மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற இடைக்குழாயைப் பயன்படுத்திப் பார்க்கலாம். கண்ணாடி இல்லாத இந்த வெற்றுக் குழாயை லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தினால், பொருளை மேலும் நெருங்கிக் குவிக்க முடியும். மின்தொடர்பு உள்ள குழாயாக இருந்தால் துளையையும் கேமராவிலிருந்தே கட்டுப்படுத்தலாம். சில வாரங்கள் கழித்தும் ஆர்வம் குறையாதவருக்கு மேக்ரோ லென்ஸ் வீண் செலவாகாது.

பறவைகளும் காட்டுயிர்களும்

15 செ.மீ. நீளமுள்ள சிட்டுக்குருவி 10 மீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். 55 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 0.8 மி.மீ. மட்டுமே, அதாவது சட்டகத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. 300 மி.மீ. லென்ஸில் அது 4.5 மி.மீ. ஆகி, சட்டகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும். எனவே பறவைகளுக்கு 300 மி.மீ. தொடக்கம் எனலாம். 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் தொடக்கநிலையினரின் கைக்கு எட்டக்கூடியது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/450 நொடிக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பானது. அதிர்வு குறைக்கும் வசதி இருந்தால், அசையாமல் அமர்ந்திருக்கும் பறவைக்கு இன்னும் மெதுவான வேகமும் போதும்.

மேகமலைக் காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும். சிங்கவால் குரங்கும் பெரிய இருவாச்சியும் இங்கு வாழ்கின்றன. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவு வழியே ஆண் பறவை இரை கொண்டுவந்து ஊட்டும். மனிதர் நெருங்கினால் ஆண் பறவை கூட்டுக்கு வரத் தயங்கும். அதனால் உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்க நேரும். நீண்ட லென்ஸ் பறவைக்கும் மனிதருக்கும் இடையே இடைவெளியைக் காக்கிறது. அது இல்லாதபோது நெருங்கிச் சென்று ஈடுசெய்வது கூடாது. பறவை சிறிதாகவும் காடு பெரிதாகவும் தெரியும் படமும் நல்ல படமே.

கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களால் புகழ்பெற்ற தமிழ்நாட்டு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), தாமே பல பாகங்களைச் சேர்த்து அமைத்த கனமான கேமராவைப் பயன்படுத்தினார். கருவியின் விலையைவிட விலங்கின் இயல்பை அறிந்த பொறுமை முதன்மையானது என்பதற்கு அவர் சான்று.

வாங்கும் முன்

கேமரா ஒவ்வொரு படத்துடனும் குவியத் தொலைவு, துளை எண், ஷட்டர் வேகம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. இரண்டு மூன்று மாதங்கள் கையில் உள்ள லென்ஸால் எடுத்த பிறகு, சரியாக வராத படங்களை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

• பெரும்பாலானவை 55 மி.மீ.-இல் எடுக்கப்பட்டு, பொருள் சிறிதாக இருந்தால்: 70–300 மி.மீ. அல்லது அதைப் போன்ற தொலை லென்ஸ்.
• மங்கிய ஒளியில் ஆள்கள் கலங்கியிருந்தால்: 50 அல்லது 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம்.
• 18 மி.மீ.-இல், முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கியும் காட்சி அடங்காதிருந்தால்: 10–20 மி.மீ. அளவிலான அகன்ற கோண லென்ஸ்.
• நெருங்கியும் பொருள் போதிய அளவு பெரிதாகாதிருந்தால்: இடைக்குழாய், பின்னர் மேக்ரோ.
• குறைகள் குவிப்பிலும் சட்டக அமைப்பிலும் இருந்தால்: எந்த லென்ஸும் தேவையில்லை, பயிற்சியே தேவை.

லென்ஸ் கேமராவின் பொருத்தியுடன் இணங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றின் கேமராவில் பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் வேறுபாடுகள் உண்டு. நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலில் குவிப்பு மோட்டார் இல்லாததால், மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப். லென்ஸ்களை அவற்றில் கையால்தான் குவிக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. கைவிளக்கை லென்ஸின் ஒரு முனையில் காட்டி மறுமுனை வழியே பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோல் படர்ந்த பூஞ்சை தெரியும். அத்தகையதைத் தவிர்க்க வேண்டும். சாரலும் ஈரமும் உள்ள இடங்களில் எடுத்துவிட்டு வந்தபின் லென்ஸை ஈரமாகப் பையில் வைத்து மூடக்கூடாது. நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் பூஞ்சை பிடிப்பதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

வாய்ப்பிருந்தால், விலைமிகுந்த லென்ஸை ஒரு நாள் வாடகைக்கோ நண்பரிடம் இரவலோ பெற்றுப் பயன்படுத்திப் பார்த்த பிறகு வாங்குவது நல்லது. அதன் எடையைச் சுமந்து ஒரு நாள் முழுதும் நடக்க முடியுமா என்பதும் அப்போதுதான் தெரியவரும்.