முயல் தீவனத்தில் ஈஸ்ட்

முயல் வளர்ப்போரைப் பெரிதும் கலங்கச் செய்வது, தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் மாண்டுபோவதேயாகும். நான்காம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் இடையில், நன்றாய்த் துள்ளிக்கொண்டிருந்த குட்டி வயிறு ஊதி, கழிச்சல் கண்டு, ஓரிரு நாளில் இறந்துவிடுகிறது. இந்த நஷ்டத்தைத் தடுக்க ஈஸ்ட் தூள் உதவும் என்று கூறப்படுகிறது. அதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிரே ஈஸ்ட். தீவனத்திற்கு அது இரு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று, பீர் வடித்தபின் எஞ்சுவதை உலர்த்திய உயிரற்ற தூள். இதில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு புரதமும், 'பி' வகை வைட்டமின்கள் பலவும் உள்ளன. மற்றொன்று உயிருள்ள ஈஸ்ட். முன்னது உணவு, பின்னது குடலில் வேலை செய்வதற்காகக் கொடுக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

முயலின் பெருங்குடல் தொடங்குமிடத்தில், ஒரு முனை மூடிய பெரிய பை போன்ற குருட்டுக்குடல் இருக்கிறது. அங்கே வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைத்துப் புரதத்தையும் 'பி' வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன. அவை மென்மையான உருண்டைகளாய் வெளிவரும்போது முயல் அவற்றை மீண்டும் தின்று பயனடைகிறது. அருவருப்பெனக் கருதி இதைத் தடுப்பது தவறு. இவ்வழக்கம் உடைய நலமான முயலுக்கு வைட்டமினை எண்ணி மட்டும் ஈஸ்ட் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவே.

தாய்ப்பாலை விட்டுத் தீவனத்திற்கு மாறும் குட்டியின் குருட்டுக்குடல் இன்னும் நிலைபெறாதது. அச்சமயம் தானியம் மிகுந்து நார் குறைந்தால், செரியாத மாவுப்பொருள் அங்கு சென்று தீய கிருமிகளைப் பெருக்குகிறது. உயிருள்ள ஈஸ்ட் நல்ல நுண்ணுயிர்களுக்குத் துணைநின்று இத்தடுமாற்றத்தைக் குறைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்து சேர்ப்பதைத் தடைசெய்த பின் ஈஸ்டின் மீது நாட்டம் மிகுந்தது. எனினும் சோதனைகளின் முடிவு ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் சாவு குறைந்தது. வேறு சிலவற்றில் வித்தியாசமே காணப்படவில்லை.

உயிரற்ற தூளைப் புரதத்திற்காகச் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈஸ்ட் புரதத்தில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கிலோ மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. ஆகவே இரண்டும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். உரோமம் வளர்வதற்குக் கந்தகம் அடங்கிய புரதப் பகுதிகள் அவசியமாதலால், நூலுக்காக அங்கோரா முயல் வளர்ப்போர் ஈஸ்டை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

கையாளும் முறை வருமாறு:

1. உயிருள்ள ஈஸ்டைக் கொதிநீரிலோ சூடான கஞ்சியிலோ கலக்கக் கூடாது. வெப்பத்தில் அது இறந்துவிடும்.

2. உறையில் குறித்த அளவில் நாள்தோறும் கொடுக்க வேண்டும். அது குடலில் நிலைத்துத் தங்குவதில்லையாதலால், நிறுத்தினால் பயனும் நின்றுவிடும்.

3. புளித்துப் பொங்கும் மாவையும் மதுவடித்த ஈரக் கசடையும் கொடுக்கலாகாது.

4. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை ஈஸ்ட் கலந்து சரிசெய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். அதை அகற்றுவதே வழி.

5. இரத்தக்கழிச்சல் நோயை ஈஸ்ட் குணப்படுத்தாது. உடனே கால்நடை மருத்துவரை அணுகுங்கள். பெனிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயல் இறக்கவும் கூடும். எனவே தாமாக மருந்து கொடுக்க வேண்டாம்.

வளரும் குட்டியின் தீவனத்தில் நூற்றுக்கு 14 முதல் 16 பங்கு நார் இருத்தல் நன்று. காய்ந்த புல்லும், வாடவைத்த குதிரைமசால், வேலிமசால் தழைகளும் இதனை அளிக்கும். குட்டிகளைப் பிரித்தபின் ஒரு வாரத்திற்காவது பழைய தீவனத்தையே தொடர்ந்து, பின்னர் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். கூண்டு உலர்ந்தும் குடிநீர் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். இவை அமைந்த இடத்தில் ஈஸ்ட் துணைசெய்யும். அமையாத இடத்தில் அதற்கெனச் செலவிடும் பணம் குட்டிகளைக் காக்காது. ஆதலால் ஈஸ்ட் டப்பாவை வாங்குமுன் புல் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.