இயந்திரத்தின் மூச்சு

பழைய அப்பர் தாம்சன் சாலை இன்று அமைதியாக இருக்கிறது. இருபுறமும் அடர்ந்த மரங்கள், ஓரத்தில் குரங்குகள். ஆனால், 1961ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை இச்சாலை, கார்களும் மோட்டார்சைக்கிள்களும் சீறிப் பாய்ந்த பந்தயத் தடத்தின் ஒரு பகுதியாக விளங்கியது. சுமார் 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் நெளிவுகளும் கூர்மையான திருப்பங்களும் நிறைந்திருந்தன. பொதுச் சாலையை மூடிவிட்டு நடத்தப்பட்ட அப்பந்தயங்களில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1973ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்குப் பந்தயம் நடைபெறவில்லை.

பந்தயத்திற்குச் செல்லும் மோட்டார்சைக்கிளின் இயந்திரம் பெரும்பாலும் கடையில் வாங்கியபடியே இருப்பதில்லை. அதைக் கூடுதல் ஆற்றலுடன் இயங்கச் செய்ய விரும்பும் இயந்திர வல்லுநர், முதலில் அதன் மூச்சைக் கவனிப்பார். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. பெட்ரோலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதுதான் கடினம். 1,000 சிசி இயந்திரம் இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை சுமார் ஒரு லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும்போது, அது விநாடிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் ஆகிவிடும். 400 லிட்டர் குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் காற்று அதற்கு நான்கு விநாடிகளுக்குத்தான் போதும்!

எனவே, காற்று செல்லும் வழியைச் சீராக்குவர். வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்குமாறு, அவற்றைத் தள்ளும் கேம் தண்டின் வடிவத்தை மாற்றுவர். இம்மாற்றம் அதிவேகத்தில் கைகொடுக்கும். குறைந்த வேகத்திலோ இயந்திரம் திணறும். தீபாவளிக் கூட்ட நேரத்தில் விளக்குக்கு விளக்கு நின்று செல்லும் சிராங்கூன் சாலையில் அத்தகைய வண்டியை ஓட்டுவது பெரும்பாடு. புகைபோக்கியின் நிலையும் அதுதான். அதன் நீளமும் அகலமும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும். சத்தம் கூடினால் ஆற்றலும் கூடிவிட்டதாக எண்ணுவோர் பலர். பொருந்தாத குழாயைப் பூட்டினால் சத்தம் மட்டுமே கூடும். இழுவை குறையவும் கூடும்.

காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை மேலும் அழுத்தி எரிப்பது இன்னொரு வழி. அழுத்தம் அளவு மீறினால், கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்துப் பிஸ்டனைச் சிதைத்துவிடும். உருளையைக் குடைந்து அகலமாக்கினால் அதன் சுவர் மெலியும். அதோடு சிக்கல் முடிவதில்லை. சிங்கப்பூரில் 2ஏ வகுப்பு உரிமம் பெற்றவர் 400 சிசி வரையே ஓட்டலாம். குடைந்த இயந்திரம் அந்த அளவைத் தாண்டினால் அவருடைய உரிமம் அந்த வண்டிக்குச் செல்லாது.

மறைவான ஆபத்து சுழற்சி வேகத்தில்தான் இருக்கிறது. சுழற்சியைப் பத்து விழுக்காடு கூட்டினால், பிஸ்டனையும் அதைத் தாங்கும் இணைப்புத் தண்டையும் இழுக்கும் விசை 21 விழுக்காடு கூடுகிறது. தண்டு முறிந்தால் இயந்திரத்தின் உறையே உடைந்து எண்ணெய் சாலையில் கொட்டலாம். அது பின்சக்கரத்தில் பட்டால் ஓட்டுநர் சறுக்கி விழுவார். பின்னால் வருபவருக்கும் அதே கதிதான்.

இதனால், சாலையில் ஓடும் வண்டியின் இயந்திரத்தை விருப்பம்போல மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட மோட்டார்சைக்கிள்கள் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள்களுக்கென நிலையான பந்தயத் தடம் இல்லை. ஆகவே, ஆர்வலர்கள் எல்லை கடந்து, 1999இல் திறக்கப்பட்ட மலேசியாவின் சிப்பாங் தடத்திற்குச் செல்கின்றனர். பந்தய இயந்திரத்தின் வயதை ஓடிய மணி நேரத்தைக் கொண்டு கணக்கிடுவர். குறித்த நேரம் முடிந்ததும் அதைப் பிரித்து, பிஸ்டன்களையும் வால்வுச் சுருள்வில்களையும் மாற்றுவர். பார்வைக்குப் புதிதாகத் தெரியும் பாகங்களும் அப்போது குப்பைக்குப் போகும்.