"புதையல் எடுக்கிற படிப்பா, மகன்?"

1980களில் கல்முனையில் ஒரு பிள்ளை தொல்லியல் படிப்பதாகச் சொன்னால், அடுத்த கேள்வி இதுதான். தேநீர்க்கடையிலும் கேட்பார்கள், கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி இருந்தும் கேட்பார்கள். அந்தப் படிப்புக்குப் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டிய காலம். விடுமுறைக்கு வரும் பிள்ளையின் பெட்டியில் பலகாரத்துக்குப் பதிலாகக் கல்வெட்டு மைப்படிச் சுருள் இருக்கும். உம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்க தங்கம்?" என்பார்.

மைப்படி எடுப்பதே ஒரு திருவிழா. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் போர்த்தி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் குழிக்குள் இறக்கவேண்டும். ஓரளவு காய்ந்ததும் துணிப்பொதியால் மை ஒற்றவேண்டும். பள்ளத்தில் மை படாது. கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாகத் தெளியும். அதற்குள் காற்று எழும்பினால் தாளை மூலைக்கொருவராக அமுக்கிப் பிடிக்கவேண்டும். வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களும் மாடு மேய்க்கிற காக்காவும்தான் பிடிப்பார்கள். முதல் எழுத்து தெரிந்ததும் அவர்கள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குக் கிடைத்த புதையல்.

1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடமே முழுப் பல்கலைக்கழகமானது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன்பின் கல்முனை, மருதமுனைப் பெண்பிள்ளைகள் காலையில் பஸ்ஸேறிப் போய் மாலையில் வீடு திரும்பிப் பட்டம் எடுக்கிறார்கள். இன்று கல்லுக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துக் கைபேசியில் பல கோணங்களில் படமெடுத்தால், இரவுக்குள் கணினியில் முப்பரிமாணக் கல்லே நிற்கிறது. வேகம் நல்லது. தாளைப் பிடிக்க ஊர் தேவைப்படாமல் போனதுதான் எனக்குக் கவலை. கேள்வியும் மாறிவிட்டது: "கூகுளில் இல்லாததையா தேடுறீங்க?"

மாறாத கதை ஒன்று உண்டு. வகுப்பில் அதைச் சொன்னால் அன்றும் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கிறார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் மும்மொழிக் கல், 1911இல் காலி நகரில் மதகு மூடியாகக் கிடந்துதான் கண்ணில் பட்டது. 1409ஆம் ஆண்டைச் சொல்லும் அந்தக் கல்லில் சீனம் புத்தரையும், தமிழ் தெனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. மூவருக்கும் காணிக்கை ஏறக்குறைய ஒரே அளவு. அதன்மேல் எத்தனை வண்டிகள் ஓடினவோ!

நம் ஊரிலும் இப்படித்தான். பழைய மீசான் கல் துணி துவைக்கப் போகிறது. அரபுத்தமிழ்க் கிதாபு கறையானுக்குப் போகிறது. 2004 சுனாமி கொண்டுபோனது போக மிஞ்சியவை இவை. உங்கள் மூத்தம்மாவின் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பள்ளி மையவாடியில் பழைய கல்லை அகற்றுமுன் ஒரு படமெடுங்கள். பக்கத்து வீட்டில் வரலாறு படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.