பழைய ரேடியமும் புதிய மருந்தும்

மருந்தகத்தில் வாங்கும் மாத்திரைகளைப் பல மாதங்கள் வைத்திருந்து உட்கொள்ளலாம். ஆனால், உருவான நொடி முதலே குறையத் தொடங்கும் மருந்தும் உண்டு. ஆக்டினியம்-225 எனும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு செய்யப்படும் மருந்துதான் அது. ஆக்டினியம்-225இன் அளவு ஏறக்குறைய 10 நாள்களில் பாதியாகிவிடும். 20 நாள்களில் கால் பங்காகும். 30 நாள்களில் அரைக்கால் பங்கே எஞ்சும். எனவே, இதனைச் சேமித்து வைத்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்த இயலாது. இருந்தும், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இப்பொருளை நாடி உலகின் பல ஆய்வுக்கூடங்கள் உழைத்து வருகின்றன. அதற்குக் காரணம் என்ன?

ஆக்டினியம்-225இன் அணுக்கரு நிலையற்றது. அது சிதையும்போது ஆல்பா துகளை வெளியிடுகிறது. இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் இணைந்ததே ஆல்பா துகள். இதன் ஆற்றல் மிகுதி. ஆனால், செல்லும் தொலைவோ மிகக் குறைவு. ஒரு தாள் கூட இதனைத் தடுத்து நிறுத்திவிடும். உடல் திசுக்களுக்குள் இது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவே செல்லும். அதற்குள் சில உயிரணுக்களை மட்டுமே கடக்கும். ஆகவே, புற்றுநோய் உயிரணுவின் அருகில் இதனைக் கொண்டு சேர்த்தால், அந்த உயிரணுவின் மரபணுப் பொருளைச் சிதைத்து அதனை அழித்துவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் நல்ல உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். மேலும், ஓர் ஆக்டினியம்-225 அணு படிப்படியாகச் சிதைந்து நிலையான அணுவாக மாறுவதற்குள் நான்கு ஆல்பா துகள்கள் வெளிப்படுகின்றன.

இத்துகள்களை உரிய இடத்தில் கொண்டு சேர்ப்பது எப்படி? இங்குதான் வேதியியலின் பணி தொடங்குகிறது. புற்றுநோய் உயிரணுவைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று வழிகாட்டியாகிறது. அதனுடன் கூண்டு போன்ற மற்றொரு மூலக்கூறு இணைக்கப்படுகிறது. அக்கூண்டுக்குள் ஆக்டினியம் அடைக்கப்படுகிறது. இம்முறையில் உருவாக்கிய மருந்தை, முற்றிய நிலையில் புரோஸ்டேட் புற்றுநோய் கண்டிருந்த இருவருக்கு அளித்ததாக ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகர மருத்துவர்கள் 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர். சிகிச்சைக்குப் பின் எடுக்கப்பட்ட படங்களில் அவ்விருவர் உடலிலும் நோயின் அடையாளங்கள் மறைந்திருந்தன. இச்செய்தி மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும், உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு வாய் வறண்டுபோவது இச்சிகிச்சையின் பக்கவிளைவாக இருந்தது.

கூண்டு அமைப்பதிலும் சிக்கல்கள் உள்ளன. வழக்கமாகப் பயன்படும் ‘டோட்டா’ எனும் கூண்டு ஆக்டினியத்தைப் பற்றிக்கொள்ள வெப்பம் தேவை. வெப்பமோ சில வழிகாட்டி மூலக்கூறுகளைக் கெடுத்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ‘மேக்ரோபா’ எனும் பெரிய கூண்டைக் கொண்டு இதற்கு ஒரு தீர்வு கண்டனர். அது அறை வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் ஆக்டினியத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆனால், மற்றொரு சிக்கல் இன்னும் தீரவில்லை. ஆல்பா துகள் பாய்ந்து வெளியேறும்போது, துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதுபோல், எஞ்சிய அணுவும் எதிர்த்திசையில் உந்தப்படுகிறது. இந்த உதைப்பின் ஆற்றல் வேதிப் பிணைப்பின் ஆற்றலைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். அதனால், அந்த அணு கூண்டை விட்டு வெளியேறிச் சிறுநீரகம் போன்ற உறுப்புகளைச் சென்றடையக்கூடும். இதனைத் தடுக்கும் வழிகளை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, பற்றாக்குறையே. நீண்ட காலமாக உலகுக்குக் கிடைத்த ஆக்டினியம்-225இன் பெரும்பகுதி, தோரியம்-229 எனும் பொருளிலிருந்து பெறப்பட்டது. தோரியம் சிதையச் சிதைய ஆக்டினியம் ஊறிக்கொண்டே இருக்கும். பசுவிடம் பால் கறப்பதுபோல் அதனை அவ்வப்போது பிரித்தெடுப்பர். இவ்வாறு ஓராண்டு முழுவதும் கிடைத்த அளவு ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் குறைவு. கையிருப்பில் உள்ள தோரியம்-229உம் சிறிதளவே. மருந்து பயனளித்தாலும், அதனைப் பெறவேண்டிய நோயாளிகள் பலரையும் அது எட்டாமல் போகும் நிலை இதனால் உண்டாகிறது.

இத்தடையைத் தாண்ட ஒரு பழைய பொருள் கைகொடுக்கிறது. 1898இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த ரேடியம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊசிகளிலும் குழாய்களிலும் அடைக்கப்பட்டுப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டது. பாதுகாப்பான முறைகள் வந்த பிறகு அதன் பயன்பாடு நின்றது. ஆனால், ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அதனால், பல நாடுகளில் அது பாதுகாத்தே தீரவேண்டிய கழிவாகத் தேங்கியது. சைக்ளோட்ரான் எனும் கருவியில் இந்த ரேடியத்தின் மீது புரோட்டான்களை மோதச் செய்கின்றனர். ஒரு புரோட்டானை ஏற்று இரண்டு நியூட்ரான்களை இழக்கும் ரேடியம்-226 அணு, ஆக்டினியம்-225ஆக மாறுகிறது. இத்தகைய பயன்பாட்டுக்காகப் பழைய ரேடியத்தைத் தேவைப்படும் நாடுகளுக்கு மாற்றித்தர, அனைத்துலக அணுசக்தி முகமை 2021இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

ரேடியத்தைக் கையாள்வது எளிதன்று. அதிலிருந்து ரேடான் எனும் கதிரியக்க வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால், மிகுந்த பாதுகாப்பு தேவை. மோதலுக்குப் பின் சிறிதளவே தோன்றும் ஆக்டினியத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கவும் வேண்டும். பிரித்தெடுத்த உடனேயே காலத்தோடு போட்டி தொடங்கிவிடுகிறது. மருந்தாக்கி, சோதித்து, விமானத்தில் அனுப்பி, நோயாளியிடம் சேர்ப்பதற்குச் சில நாள்களே உண்டு. அந்தச் சில நாள்களுக்குள் அது உரியவரைச் சென்றடைய, அணுக்கரு ஆய்வாளர், வேதியியலாளர், மருத்துவர் ஆகிய அனைவரின் கைகளும் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது.