வித்துப் பையின் பஞ்சு நனையலாமா?
காளான் வித்துத் தயாரிப்பில் ஆவி நீரைச் சமாளிக்கும் முறைகள்

சிப்பிக் காளான் வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. சென்னையில் மயிலாப்பூர், அடையாறு போன்ற இடங்களில் மொட்டை மாடியில் போட்ட கீற்றுக் கொட்டகையே போதும். நகரை அடுத்த செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் சிறு விவசாயிகள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இதைச் செய்யலாம். விற்பனைக்கும் வழி உண்டு. தியாகராய நகரிலும் மயிலை மாட வீதிகளிலும் காய்கறிக் கடைகளில் காளான் பொட்டலம் இன்று புதிய சரக்கு அன்று.

தொல்லை வருவது வித்து விஷயத்தில்தான். வெளியில் வாங்கினால் செலவு கூடுகிறது; வேண்டிய நாளில் கிடைப்பதும் இல்லை. ஆகவே ஓராண்டு காளான் வளர்த்துக் கை பழகியவர்கள், வித்தையும் தாமே தயாரிக்க முனைகின்றனர். சோளம் வாங்கி, வேக வைத்து, பையில் அடைத்து, ஆவியில் வைத்து எடுத்து, தாய் வித்தும் இட்டாயிற்று. நாலைந்து நாட்களில் பார்த்தால் சில பைகளில் பச்சைப் பூஞ்சாணம். சிலவற்றில் புளித்த வாடை. சிலவற்றின் வாயில் கேசரிப் பவுடர் தூவியது போல் ஆரஞ்சு நிறம். போட்ட முதல் போச்சு. உடனே பழியைத் தாய் வித்தின் மேல் போடுகிறோம். பல சமயம் அதில் பழுதே இருப்பதில்லை. ஆவி வைத்த பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிப் பைகளின் பஞ்சு அடைப்பு நனைந்துபோனதுதான் காரணம்.

ஆவி ஏன் தண்ணீராகிறது?

இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் உட்புறம் முத்து முத்தாக நீர் நிற்கும். மூடி தட்டையாக இருந்தால் அந்த நீர் இட்லியின் மேலேயே சொட்டி அதைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். குவிந்த மூடியானால் நீர் பக்கவாட்டில் வழிந்து அடியில் சேரும். நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த இந்த விஷயந்தான் ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்தக் கொப்பரையிலும் நடக்கிறது.

ஆவி நீராவதைக் குறை என்று எண்ண வேண்டாம். கிருமியைக் கொல்வதே அதுதான். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி சூடு போதும். அதே தண்ணீர் ஆவியாக மாற மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். இவ்வளவு சூட்டையும் சுமந்து வரும் ஆவி, பையின் மேல் பட்டு நீராக மாறும் கணத்தில் அத்தனையையும் அங்கேயே இறக்கி வைக்கிறது. காய்ந்த சூட்டில் கண்ணாடிச் சாமான்களைச் சுத்தி செய்ய 160 டிகிரியில் 2 மணி நேரம் ஆகும். ஈர ஆவியோ 121 டிகிரியில் 15 நிமிடத்தில் அதே வேலையை முடிக்கும். சோளப் பையின் நடு வரை சூடு இறங்கத் தாமதமாகும் என்பதால்தான் நாம் அதிக நேரம் வைக்கிறோம்.

எவ்வளவு நீர் சேரும்? 10 கிலோ எடையுள்ள வித்துப் பைகளை அறைச் சூட்டிலிருந்து 121 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி ஒரு லிட்டருக்கு மேல் ஆவி நீராகிறது. பாத்திரம் சூடேறும்போது அதன் சுவரில் படிவது தனி. இந்தத் தண்ணீர் எங்கோ ஓரிடத்துக்குப் போயே தீர வேண்டும். அது பஞ்சுக்குப் போகாமல் அடிக்குப் போகுமாறு செய்வதே நம் வேலை.

முதலில் காற்றை ஓட்டுங்கள்

அழுத்தமானியின் முள் 15 பவுண்டைத் தொட்டதும் உள்ளே 121 டிகிரி வந்துவிட்டது என்று பலர் நம்புகின்றனர். உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறியிருந்தால்தான் அது உண்மை. பாதிக் காற்று தங்கிவிட்டால் அதே 15 பவுண்டில் 112 டிகிரிதான் இருக்கும். காற்றை வெளியேற்றவே இல்லையென்றால் 100 டிகிரி! முள் பொய் சொல்லவில்லை. அது அழுத்தத்தைக் காட்டுகிறதே தவிரச் சூட்டை அன்று.

ஆகவே மூடியை முறுக்கியபின் ஆவிக் குழாயைத் திறந்தே வைக்கவும். முதலில் விட்டு விட்டுப் புகை போல் வரும். பின்னர் சீறிக்கொண்டு இடைவிடாமல் ஆவி வரும். அதன்பின்னும் 5 முதல் 10 நிமிடம் விட்டுப் பிறகு மூடவும். பிரஷர் குக்கரில் தாய் வித்துப் பாட்டில் வைப்பவர்களும், ஆவி நன்றாகச் சீறிய பின்பே வெயிட் போட வேண்டும். அந்நேரத்தில் வெளியேறும் ஆவியோடு, குளிர்ந்த பாத்திரத்தில் முதலில் படிந்த ஈரமும் ஓரளவு போய்விடும்.

பஞ்சும் காகிதமும்

வெள்ளைச் சோளத்தை அரை மணி நேரம் வேக வைத்து வடிகட்டி, சுத்தமான சாக்கில் நிழலில் பரப்பி ஆற விட வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறோம். தானியத்தின் மேல் ஈரப்பசை இருக்கும்போதே பையில் அடைத்தால், அந்த நீர் கொப்பரையில் ஆவியாகி, ஆறும்போது பையின் உட்சுவரில் படிந்து அடியில் தேங்கும். அடிச் சோளம் கஞ்சி போலாகிப் புளிப்பது இதனால்தான். ஒரு பிடியை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் இன்னும் ஆற வேண்டும். பின்னர் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலக்க வேண்டும். இது வெற்றிலைச் சுண்ணாம்பு அன்று. கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கவும்.

பாலிப்ரொப்பிலீன் பையே ஏற்றது. சாதாரண பாலிதீன் இந்தச் சூட்டைத் தாங்காது. முக்கால் பை நிரப்பி, வாயில் பி.வி.சி. வளையம் செருகி, விளிம்பை மடித்துப் பஞ்சால் அடைக்க வேண்டும். பஞ்சு எது என்பது முக்கியம். காயத்துக்குக் கட்டும் ஆஸ்பத்திரிப் பஞ்சு உதவவே உதவாது. மெழுகு நீக்கப்பட்ட பஞ்சு அது. சொட்டு நீரையும் உறிஞ்சிவிடும். மெத்தைக்கு அடைக்கும் பஞ்சில் இயற்கை மெழுகு அப்படியே இருப்பதால் நீர் ஒட்டாது. பஞ்சைப் பிடித்துத் தூக்கினால் பாட்டில் கூடவே வர வேண்டும். அந்த அளவு இறுக்கம் தேவை.

பஞ்சின் மேல் காகிதத்தைக் குல்லாய் போல் கவிழ்த்துச் சணலால் கட்ட வேண்டும். பழைய செய்தித்தாள் இரண்டு மடிப்புப் போதும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தரும் முறையிலும் இந்தக் காகிதம் உண்டு. பலர் இதை வீண் வேலை என்று விட்டுவிடுகின்றனர். மேலிருந்து சொட்டும் நீரைத் தாங்குவது இந்தக் குல்லாய்தான். அதே சமயம் காகிதத்தின் வழியே ஆவி உள்ளே போகும், ஈரம் வெளியே வரும். காகிதத்துக்குப் பதில் பாலிதீன் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.

பஞ்சு நனைந்தால் என்னதான் ஆகும்? காய்ந்த பஞ்சு காற்றை விட்டு, அதில் வரும் தூசியையும் கிருமியையும் நிறுத்தும் சல்லடை. நனைந்த பஞ்சோ பூஞ்சாணத்துக்குப் பாலம். ஆரஞ்சு நிறத்தில் வரும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சாணம் ஈரப் பஞ்சில் வேர்விட்டு, அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் துணி மூட்டை ஆட்டோகிளேவிலிருந்து ஈரமாக வந்தால், அதைச் சுத்தமானதாகக் கணக்கில் கொள்ளாமல் திருப்பி அனுப்புவர். காளான்காரருக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

அடுக்குவதிலும் கவனம்

அடியில் உள்ள தண்ணீருக்கு மேல் தட்டு உயரமாக நிற்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் துள்ளிப் பையைத் தொடக்கூடாது. பைகளை நிமிர்த்தி, ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி விட்டு வைக்கவும். கொப்பரையின் சுவரில் நீர் வழிந்துகொண்டே இருக்குமாதலால் சுவரோடு ஒட்டி வைப்பது கூடாது. மேலே ஒரு காய்ந்த பருத்தித் துண்டை நான்காக மடித்துப் பரப்பினால், மூடியிலிருந்து சொட்டுவது அதிலேயே நிற்கும். இட்லித் தட்டுக்குத் துணி போடுவது போலத்தான். ஆனால் ஆவி மேலேறும் வழியையும், சேஃப்டி வால்வின் துளையையும் துணி அடைக்கக் கூடாது.

தனிக் கொதிகலனிலிருந்து குழாய் வழியே ஆவி வரும் பெரிய சாதனமானால், குழாய் சரிவாக அமைய வேண்டும். தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு இருத்தல் அவசியம். தொடங்கும் முன் அதைத் திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றிய பிறகே ஆவியை உள்ளே விடவும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடலோரப் பகுதிகளில் பல கிணறுகளில் நீர் உப்புக் கரிக்கும். அதையே ஊற்றிக் காய்ச்சினால் அடியில் காரை படியும். சேஃப்டி வால்வும் இறுகிக்கொள்ளும். மாடியில் பிடித்த மழை நீர் இதற்கு மிக நல்லது.

இறக்கும் நேரம்

வித்துப் பைகளை 20 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 2 மணி நேரம் வைப்பது வழக்கம். அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை. ஆவிக் குழாயை உடனே திறந்து அழுத்தத்தை இறக்கினால், பைக்குள் இருக்கும் ஈரம் குபீரென்று கொதித்துப் பஞ்சை உள்ளிருந்தே நனைக்கும். பஞ்சைத் தள்ளியும் விடும். முள் தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கட்டும்.

இரவு வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் திறப்பதும் தவறே. உள்ளே மிஞ்சிய ஆவி அத்தனையும் ஆறி நீராகிப் பைகளின் மேலேயே படியும். முள் பூஜ்யத்துக்கு வந்ததை உறுதி செய்து, குழாயைத் திறந்து ஆவி இல்லையென்று கண்டபின், மூடியை ஒரு விரற்கடை மட்டும் நீக்கி 20 அல்லது 30 நிமிடம் விடவும். பைகளில் உள்ள சூடே பஞ்சையும் காகிதத்தையும் காய வைத்துவிடும். அழுத்தம் இருக்கையில் மூடியில் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. முகத்தை மூடிக்கு நேராக நீட்டவும் வேண்டாம்.

சூடான பையைச் சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது. அடி மட்டும் திடீரென்று ஆறி அங்கே நீர் கோக்கும். மரப் பலகையோ மடித்த சாக்கோ போட்டு அதன்மேல் வைக்கவும். சூடு ஆறுவதற்குள் ஒருமுறை குலுக்கினால் ஈரம் எல்லாத் தானியத்திலும் பரவும். மின்விசிறி வேண்டாம், ஆறும் பை காற்றை உள்ளிழுக்கும், தூசியும் சேர்ந்து போகும்.

சென்னைக் காற்றின் ஈரம்

உள்நாட்டு மாவட்டங்களில் தானாகக் காயும் பஞ்சு, சென்னையில் காயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம். பஞ்சையும் காகிதத்தையும் வெயில் கண்ட நாளில் காய வைத்து, மூடியுள்ள தகர டின்னில் பத்திரப்படுத்தவும்.

இங்கே கோடையிலும் மழைக்காலத்திலும் சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் காற்றின் ஈரம் வியர்வை போல் படிந்துவிடும். குளிர்பதன அறையிலோ ஃபிரிட்ஜிலோ இருந்த வித்துப் பையை வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் துளிர்ப்பது இதனால்தான். அந்த ஈரத்தோடு பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் வரை பொறுத்து, வெளிப்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, பிறகு பிரிக்கவும். பகலில் மின்விசிறி, இரவில் ஏ.சி. என்று சூட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் அறையில் வித்தை வளர விட்டால் பைக்குள் நாள்தோறும் நீர் கோத்துக்கொள்ளும். 25 முதல் 28 டிகிரிக்குள் ஒரே சீராக உள்ள அறையே நல்லது.

வைக்கோலுக்கு டிரம் போதும்

நெல் வைக்கோலுக்கும் நம் மாநிலக் காளானுக்கும் உறவு பழையது. 1943-ல் கோயமுத்தூரில் தாமஸ், ராமகிருஷ்ணன், நரசிம்மன் ஆகிய மூவர் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினர். சிப்பிக் காளானுக்கும் வைக்கோலே படுக்கை. இதற்கு அழுத்தக் கொப்பரை தேவையில்லை. ஊற வைத்த வைக்கோலை 200 லிட்டர் டிரம்மில் தட்டின் மேல் வைத்து ஒரு மணி நேரம் ஆவி காட்டினால் போதும். டிரம்மின் மூடியை இறுக்கி அடைக்கவே கூடாது; வெடிக்கும். மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் படியும் நீர் ஒரு பக்கமாக வழிந்துவிடும். வெந்த வைக்கோலை உடனே பையில் திணிக்காமல் சுத்தமான இடத்தில் பரப்பி ஆற்ற வேண்டும். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அதுவே சுமார் 65 சதவிகித ஈரம்.

நேரில் கற்க விரும்புவோருக்குக் கிண்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையம் அருகில் உள்ளது. காளான் பயிற்சி எப்போது என்பதை விசாரித்துச் செல்லவும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பையில் ஆரஞ்சு நிறம் கண்டால், அதைக் கையால் தட்டவோ அங்கேயே பிரித்துப் பார்க்கவோ வேண்டாம். அதன் தூள் காற்றில் பறந்து அறை முழுவதும் பரவும். ஒரு துணியை நன்றாக நனைத்துப் பையின் மேல் போர்த்தி, மெல்ல வெளியே எடுத்துச் சென்று, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்த பின்பே குழியில் புதைக்கவும். அன்று வேறு பைகளில் வித்து இடும் வேலையைத் தள்ளிப் போடவும்.