பழைய ஜீப்பை உயர்த்தலாமா? முதலில் பழுது, பிறகு உயரம்



2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களைத் தாமிரபரணிக் கரையில் கடை வைத்திருக்கும் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது நமக்குப் பழகிய காட்சிதான். அந்த முறை ஜங்ஷன் பகுதிக் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்து, சரக்கு மூடைகள் கண்ணெதிரே ஊறிப்போயின.

அதன் பிறகு, பழைய ஜீப் வைத்திருக்கும் சில்லறை வியாபாரிகள் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, ஜீப்பை ரெண்டு மூணு இஞ்சு தூக்கிட்டா எந்தத் தண்ணியிலயும் போயிரலாமே, செய்யலாமா?" என்கிறார்கள். பட்டறைகளும் உடனே செய்து தரத் தயாராக இருக்கின்றன. செலவு செய்யுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை நம் அனுபவத்தில் இருந்து எழுதுகிறோம். நாம் படித்தது பள்ளிப்படிப்பு மட்டுமே. ஆனால் மலைக்குச் சரக்கு ஏற்றிப் பட்ட பாடு நிறைய உண்டு.

மாஞ்சோலைப் பாதை கற்றுத் தந்தது

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டங்கள் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகியவை. அங்கிருந்த கடைகளுக்குக் கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக நாம் பல ஆண்டுகள் அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பி வந்தோம். மணிமுத்தாறு தாண்டினால் ஏற்றமும் கொண்டையூசி வளைவும் பெயர்ந்த கல்லும்தான் பாதை. நான்கு சக்கர இழுவை உள்ள நம் பழைய மகிந்திரா டீசல் ஜீப்தான் ஓடும்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம், பாதைக் கல் அடிக்கடி அடியில் இடிக்கிறது என்று ஜீப்பை உயர்த்த முடிவு செய்தோம். பட்டறையில் இரண்டு வழி சொன்னார்கள். பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றி முறையாகச் செய்வது ஒன்று. சாக்கிளை மட்டும் நீளமாக்கி, பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகுவது மற்றொன்று. இரண்டாவது வழிக்குச் செலவு கால் பங்குதான். சிக்கனம் என்று நினைத்து நாம் அதையே கேட்டு வாங்கினோம்.

மூன்றாம் மாதம், சரக்கு இறக்கிவிட்டு மழையில் திரும்பி வரும்போது, ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் முழுதும் கீழே தொங்கியது. அடுத்த வளைவில் டிரைவர், "அண்ணாச்சி, மிதி உள்ள போகுது, பிரேக்கு புடிக்கல" என்றார். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கும் போய்விடும். அவர் பதறாமல் கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கம் உரசி நிறுத்தினார். அவர் கை முறிந்தது. இன்னொரு பக்கம் ஒதுங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம்.

பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டி உயர்ந்ததால் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள தூரம் கூடிவிட்டது. பிரேக் ரப்பர் குழாயின் நீளமோ பழைய நீளம். பள்ளத்தில் சக்கரம் தொங்கியபோது குழாய் இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. ஒரு சிறு குழாயின் விலையை மிச்சம் பிடித்தோம். இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு டிரைவரின் கையை உடைத்தோம். மிச்சம் பிடித்த குற்றம் நம்முடையதே.

எது உயர்கிறது, எது உயர்வதில்லை

பழைய ஜீப்பில் முன்னும் பின்னும் ஒரே குழாய் போன்ற அச்சு. அதனோடு சேர்ந்தது பட்டை. பட்டையின் மேல் சேசிஸ். பட்டையை உயர்த்தினால் சேசிஸும் பாடியும் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் தரைக்கு மிக அருகில் உள்ளது. கல் அதிகம் இடிப்பதும் அதன் மேல்தான். அது உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். டயரின் விட்டம் 2 இஞ்சு கூடினால் உருண்டை 1 இஞ்சுதான் உயரும். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், பிரேக்கின் பிடி குறையும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்.

வெள்ளத்துக்கும் இதே கணக்குதான். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்தும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். 2 இஞ்சு உயர்த்தியதை நம்பி ஆற்றுத் தண்ணீரில் இறங்குவது அறிவீனம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஜீப்புக்கும் பொருந்தும்.

பாரமும் கூடாது. கூடுதல் பட்டை போட்டால் பின்பக்கம் தணியாது என்பது உண்மையே. ஆனால் அச்சு, வீல் பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய அளவுதான். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது நம்மைப் போன்ற வியாபாரிகளுக்குத்தான். பதிவுச் சான்றில் உள்ள எடைக்கு மேல் ஏற்ற எந்தப் பட்டையும் அனுமதி தராது.

முதல் வேலை அளவெடுப்பு

இருப்புக் கணக்கு எடுக்காமல் கொள்முதல் செய்யும் வியாபாரி உண்டா? அதுபோல, அளவெடுக்காமல் பட்டறைக்குப் போகக் கூடாது. குடோனின் சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வையுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து சிட்டையில் எழுதுங்கள். இடது, வலது இரண்டுக்கும் அரை இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம்.

அடுத்து, வழக்கமாக ஏற்றும் சரக்கை ஏற்றுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு வரி வந்த பிறகு 26 கிலோ மூடை நமக்குப் பழகிவிட்டது. அதில் பத்து மூடை வைத்தால் 260 கிலோ என்று எடை துல்லியமாகத் தெரியும். மறுபடியும் அளந்து, அச்சுக்கும் மேலே உள்ள ரப்பர் கட்டைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். இடைவெளி மிகக் குறைவானால் பட்டை சோர்ந்துவிட்டது என்று பொருள்.

இதில் ஓர் உண்மை வெளிவரும். இருபது முப்பது வருடம் ஓடிய ஜீப்பில் பட்டை தணிந்து போயிருக்கும். சரியான புதுப் பட்டை செட்டு போட்டாலே, வண்டி கம்பெனியில் இருந்து வந்த உயரத்துக்கு ஏறும். பலர் "உயர்த்த வேண்டும்" என்று கேட்பது, இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவதைத்தான். அதற்குப் பெயர் பழுது பார்ப்பது. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பழுதுப் பட்டியல்

செலவைப் பத்துப் பங்காக வைத்தால் ஆறு ஏழு பங்கு இந்தப் பட்டியலுக்கே போக வேண்டும். வரிசையும் இதுதான்.

1. பிரேக். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர், ரப்பர் குழாய்கள், லைனிங். வெடிப்பு விட்ட குழாயைப் பார்த்த உடனே மாற்றுங்கள்.

2. ஸ்டீயரிங். டிராக் லிங்க், டை ராடு முனைகள், கிங் பின் பேரிங், ஸ்டீயரிங் பெட்டியின் ஆட்டம். ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்துப் பார்த்தால் எந்த மூட்டு தளர்ந்துள்ளது என்று கண்ணுக்கே தெரியும்.

3. சேசிஸ். பட்டை மாட்டும் தாங்கிகளின் அருகே துருவும் விரிசலும் உள்ளதா என்று தட்டிப் பாருங்கள். விரிசல் விட்ட சேசிஸில் புதுப் பட்டை போடுவது, ஓட்டைச் சாக்கில் நல்ல அரிசி போடுவது போலத்தான்.

4. புஷ், சாக்கிள், நடு போல்ட்டு, யு போல்ட்டு. யு போல்ட்டைக் கழற்றினால் புதிதே போடுங்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடி தராது.

5. பட்டையும் ஷாக் அப்சார்பரும். தணிந்த பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முறையாக மறுபடி பதம் ஏற்றாவிட்டால் எஃகின் துடிப்பு போய், விரைவில் தணியும் அல்லது முறியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியானால் இவற்றுக்கும் முன்பாக டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. எண்ணெயையும் வீல் பேரிங் கிரீஸையும் மாற்றாமல் ஓட்டினால் பேரிங் அரித்துவிடும்.

உயர்த்தியே ஆக வேண்டுமானால்

பழுது எல்லாம் முடிந்த பிறகும், போகும் பாதைக்குத் தேவை என்றால், 2 இஞ்சுக்கு மேல் நினைக்காதீர்கள். அதையும் அதற்கென்றே செய்த பட்டை செட்டில் செய்யுங்கள். நீளச் சாக்கிள் மலிவான வழி. 2 இஞ்சு நீளம் கூட்டினால் 1 இஞ்சு உயரம்தான் கிடைக்கும். முன்பக்கம் அதைச் செய்தால் அச்சு சற்றுத் திரும்பி காஸ்டர் கோணம் கெடும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. நேர் சாலையில் வண்டி அலையும்.

உயரம் கூடும்போது கூடவே பார்க்க வேண்டியவை நான்கு. பிரேக் குழாய் நீளமாக வேண்டும். ஷாக் அப்சார்பர் புதிய உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும். புரொப்பெல்லர் ஷாப்டின் சாய்வு கூடுவதால் கிராஸ் தேய்ந்து அதிர்வு வரும். அதைச் சரிசெய்ய வேண்டும். டிராக் லிங்க் சாய்ந்தால் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் தானே திரும்பும்; அதையும் சரிசெய்ய வேண்டும். சக்கரம் முழுதும் கீழே தொங்கும்படி சேசிஸைத் தாங்கி நிறுத்தி, குழாயும் ஷாக்கும் இழுபடாமல் இருப்பதை நீங்களே கண்ணால் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். நாம் அன்று பார்க்கத் தவறியது இதைத்தான்.

முதல் 100 கிலோமீட்டரில் யு போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. வண்டியின் பாரமையமும் மேலே போயிருக்கும் என்பதால் வளைவில் பழைய வேகம் கூடாது. சரக்கைத் தாழ அடுக்குங்கள்.

இவை எல்லாம் முன்னும் பின்னும் பட்டை உள்ள பழைய ஜீப்புக்குச் சொன்னவை. 2010-ல் வந்த முதல் தாரின் சில வகைகளில் முன்பக்கம் டார்ஷன் பார்; 2020-ல் வந்த தாரில் பின்னாலும் காயில் ஸ்பிரிங். அவற்றின் வேலையே வேறு.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே உயரத்தையோ டயர் அளவையோ மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துத் தொகையை மறுக்க இடமுண்டு. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போதும் ஆய்வு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

முடிவாக

விபத்துக்குப் பிறகு நாம் நீளச் சாக்கிளையும் கூடுதல் பட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, கம்பெனி அளவுப் பட்டை செட்டு, புதுப் புஷ், புதுப் பிரேக் குழாய்கள் போட்டோம். தணிந்திருந்த வண்டி ஒன்றரை இஞ்சு உயர்ந்தது. கல் இடிப்பது பெரும்பாலும் நின்றது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு செலவோடும் ஒரு கை முறியாமலும் போயிருக்கும். அந்த டிரைவர் கை குணமாகி, மேலும் பல ஆண்டுகள் அதே ஜீப்பை ஓட்டினார். பட்டறைக்குப் போனால் அவர் முதலில் கேட்பது பிரேக் குழாயைப் பற்றித்தான்.

2024-ல் தோட்டக் கம்பெனி வேலையை நிறுத்தி, தொழிலாளர் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கத் தொடங்கின. மேலே நம் வாடிக்கைக் கடைகளும் முடிந்தன. ஜீப் இப்போது அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு ஓடுகிறது. சிட்டையில் நான்கு சக்கரத்தின் அளவையும் இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வருகிறோம்.

நீங்களும் பட்டறைக்குப் போகுமுன் ஒரு சிட்டையும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி எத்தனை இஞ்சு தணிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, எத்தனை இஞ்சு தூக்குவது என்று பேசலாம்.