மாணவனின் நிலையறிந்து கணக்குத் தரும் கணிப்பொறி

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் போதனை நடைபெறும் மொழிகளுள் தமிழும் ஒன்று. தாராவியிலாயினும் செம்பூரிலாயினும், போதனை எம்மொழியிலாயினும், வகுப்பாசிரியருக்கு நேரும் இடர் ஒன்றே. நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை வகுத்தல் கணக்கை முடித்துவிட்டுக் காத்திருக்கும்; அடுத்த பிள்ளைக்கு ஈரிலக்கக் கூட்டலே கைவந்திராது. பாடப் புத்தகமோ இருவருக்கும் ஒரே பக்கத்தில் திறந்திருக்கும்.

இந்நகரில் 1990-களில் தோன்றிய 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, அக்கம்பக்கத்து இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தது. செம்பூரை அடுத்த குர்லாப் பகுதிப் பள்ளிகளில் இம்முறை ஆராயப்பட்டது. இதே பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் சோதனையை அந்நிறுவனம் குஜராத்தின் வடோதராவில் நடத்தியது.

அங்கு 2000-ஆம் ஆண்டில் மாநில அரசு 100 நகராட்சிப் பள்ளிகளுக்கு நான்கு நான்கு கணிப்பொறிகளை வழங்கியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பயன்படாமலே கிடந்தன. (இது பல அலுவலகங்களிலும் அறிந்த காட்சியே.) 2002 முதல் இரண்டு கல்வியாண்டுகள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம் அவற்றில் கணக்கு விளையாட்டுகளை ஆடினர். பிள்ளையின் திறமைக்கேற்ப விளையாட்டின் கடினம் மாறியது. ஆனால் ஒரு கணிப்பொறிக்கு இருவர் அமர்ந்தமையால், விடை எப்பிள்ளையுடையது என்பதை அது அறிய வழியில்லை. இக்குறையிருந்தும் இரண்டாம் ஆண்டில் கணக்கில் கிடைத்த ஆதாயம் 0.47 திட்ட விலக்கம். அதாவது, நூறு பேரில் ஐம்பதாவதாக நின்ற பிள்ளை ஏறக்குறைய முப்பத்திரண்டாவது இடத்துக்கு முன்னேறும். மொழிப்பாடத்தில் மாற்றமில்லை. திட்டம் முடிந்து ஓராண்டு சென்றதும் கணக்கின் ஆதாயம் சுமார் 0.10 அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

2015-இல் டில்லியில் ஆராயப்பட்ட 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் ஏற்பாடு இதனினும் நுட்பமானது. முதலில் ஒரு சோதனையால் ஒவ்வொரு மாணவனின் நிலையும் அறியப்பட்டு, அவ்விடத்திலிருந்தே பாடம் தொடங்கும். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர் என்பது அப்போது வெளிப்பட்டது. நாலரை மாதங்களில், தனியாக வைத்த தேர்வில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. பள்ளிப் பரீட்சையிலோ கணக்கில் அம்முன்னேற்றம் குறிப்பிடத்தக்க அளவில் தென்படவில்லை. காரணம் எளிது. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து நான்காம் வகுப்பு நிலைக்கு ஏறிய மாணவன் எழுதியது ஏழாம் வகுப்பு வினாத்தாள். அதில் நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்றும் கேட்கப்படுவதில்லை.